மியூசிக் வீடியோ, ஆல்பம் அட்டை, விளம்பரம்: மீடியா மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

மீடியா படிப்பில் மியூசிக் வீடியோ ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் மூன்று வேலைகள் சேர்ந்தே வரும். ஒரு பாட்டுக்கு வீடியோ, அந்தப் பாட்டு இடம்பெறும் ஆல்பத்துக்கு அட்டை, அப்புறம் ஆல்பம் வெளியாவதை அறிவிக்கும் ஒரு பக்க விளம்பரம் அல்லது சமூக ஊடகப் பக்கம். இவற்றை ஏன் இப்படிச் செய்தேன் என்று விளக்கும் ஆய்வுக் கட்டுரையும் கூடவே கேட்பார்கள். மாணவர்களில் பலர் மொத்த உழைப்பையும் கேமராவில் கொட்டிவிட்டு, அட்டையைக் கடைசி ராத்திரியில் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டி ஒட்டி முடிக்கிறார்கள். அந்த அட்டையைப் பார்த்ததுமே அது தெரிந்துவிடும். மூன்றும் ஒரே கலைஞரைப் பற்றிப் பேச வேண்டும், மூன்றையும் ஒரே சமயத்தில் யோசிக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் எந்தப் படியை எடுத்தாலும் நான் வந்து நிற்கப்போவது இந்த இடத்தில்தான்.

1. முதலில் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் எடுக்கப்போகும் பாணியிலேயே, ராப் என்றால் ராப், ராக் என்றால் ராக், ஐந்தாறு வீடியோக்களைத் தேர்ந்தெடுங்கள். சம்பந்தமே இல்லாத வேறு பாணியிலிருந்து ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அது பக்கத்தில் இருந்தால்தான் உங்கள் பாணிக்கென்று இருக்கும் வழக்கங்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றையும் முதலில் சத்தமே இல்லாமல் பாருங்கள். அப்புறம் படம் இல்லாமல் கேளுங்கள். மூன்றாவது முறைதான் இரண்டையும் சேர்த்து.

சத்தமில்லாமல் பார்க்கும்போது தாளில் ஓர் அட்டவணை போடுங்கள்: ஷாட் எண், எந்த விநாடியில் தொடங்குகிறது, குளோசப்பா வைடா, கேமரா அசைகிறதா, எந்த இடம், யார் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஓடும் பாட்டு வரியை மூன்றாவது முறை பார்க்கும்போது சேருங்கள். அலுப்பான வேலைதான். ஒரு பாட்டுக்கு இதைச் செய்யவே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆனால் பல்லவியில் எத்தனை கட், சரணத்தில் எத்தனை, பாடுபவரின் முகம் மொத்தம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறது என்பதெல்லாம் எண்ணிக்கையாகக் கைக்கு வந்தபின்தான் நீங்கள் ஆய்வு என்ற ஒன்றைச் செய்கிறீர்கள். அதற்கு முன்னால் இருப்பது ரசனை மட்டும்.

கோட்பாடு என்று வரும்போது முதலில் பிடிக்க வேண்டியவர் ஆண்ட்ரூ குட்வின். மியூசிக் டெலிவிஷன் பற்றி 1992இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்துதான் இன்று வகுப்பறைகளில் சொல்லித்தரப்படும் பெரும்பாலான கேள்விகள் கிளம்புகின்றன. வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பார்க்கிறார். 'மழை வந்தது' என்று பாட்டு சொல்லும்போது மழையையே காட்டினால் அது முதல் வகை, வரியை அப்படியே படமாக்குவது. அதே வரிக்கு ஒருத்தி வாசல் ஓரத்தில் நனையாமல் நின்று வெறும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தால், மழை யாரையோ வரவிடாமல் தடுத்துவிட்டது என்ற கதை கூடுகிறது. வரி சொல்லாததைப் படம் சேர்க்கிறது, அது இரண்டாவது வகை. பாட்டு மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, படத்தில் ஒரு தொழிற்சாலை இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால், வரிக்கும் படத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை, அது மூன்றாவது வகை. புதிதாக எடுப்பவர்கள் முதல் வகையிலேயே தங்கிவிடுவார்கள். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் 1, 2, 3 என்று குறித்துப் பாருங்கள், நல்ல வீடியோக்கள் இரண்டாவது வகையில்தான் அதிக நேரம் செலவிடுகின்றன என்பது என் அனுபவம்.

வரிகளுக்கும் படத்துக்கும் உள்ள உறவைப் போலவே இசைக்கும் படத்துக்கும் உள்ள உறவும் முக்கியம். டிரம் அடிக்கும் இடத்தில் கட் விழுகிறதா, கிட்டார் தனியாக ஒலிக்கும்போது கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள். கலைஞரின் முகத்தை அடிக்கடி காட்டச் சொல்லும் இசை நிறுவனத்தின் தேவை, மறுபடி மறுபடி வரும் ஓர் அடையாளம் (ஒரு தொப்பி, ஒரு நிறம், ஒரு கை அசைவு), உடலைப் பார்க்கும் விதம், வேறு படங்களையோ வீடியோக்களையோ நினைவூட்டும் காட்சிகள் ஆகியவையும் குட்வின் பட்டியலில் உண்டு. உடலைப் பார்க்கும் விதம் என்ற இடத்தில் சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை உதவும். சினிமாவின் கேமரா ஆணின் பார்வையை எடுத்துக்கொண்டு பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகிறது என்பது அவர் வாதம். இதைக் கட்டுரையில் மேற்கோளாகத் திணிப்பதைவிட, அட்டவணையில் முகம் இல்லாமல் உடலின் பகுதி மட்டும் வரும் ஷாட்கள் எத்தனை, அவை யாருடையவை என்று எண்ணி எழுதினால் அதன் எடையே வேறு.

2. கொஞ்சம் வரலாறு, தேவையான அளவுக்கு மட்டும்

வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டாம். உங்கள் முடிவுகளுக்கு உதவும் இடங்களை மட்டும் எடுங்கள். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1965இல் வரிகளை அட்டைகளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகக் கீழே போட்ட படத்துண்டு, இன்றைய லிரிக் வீடியோவுக்கு முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். குயின் ராக் குழுவின் 1975 வீடியோ ('பொஹீமியன் ராப்சடி'), குழு டிவி நிலையத்துக்குப் போகாமலே டிவியில் தோன்ற முடியும் என்று காட்டியது. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியதும் பாட்டைக் கேட்க வைப்பதற்கான கருவியாக வீடியோ உறுதியாக நிலைத்துவிட்டது. 1983இல் மைக்கேல் ஜாக்சனுக்காக ஜான் லேண்டிஸ் இயக்கிய 'த்ரில்லர்' ஏறத்தாழ 14 நிமிடம் ஓடியது, குறும்படமாகவே எடுக்கப்பட்டது.

மாணவருக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமானது ஓகே கோ குழு 2006இல் வெளியிட்ட டிரெட்மில் வீடியோ. நான்கு பேர், எட்டு டிரெட்மில், அசையாத ஒரே கேமரா, ஒரே ஷாட். அதில் செலவானது பெரும்பாலும் ஒத்திகை. லைட், கிரேன், டிரோன் எதுவும் கையில் இல்லையே என்று புலம்பும் முன் அதை ஒருமுறை பாருங்கள். நம்மில் பலருக்குப் பாட்டுக் காட்சி என்றாலே சினிமாப் பாட்டுதான் பழக்கம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாட்டின் முகம் நடிகர். தனி ஆல்பத்தில் பாடுபவரே முகம். இந்த வேறுபாட்டை மறந்து நாயகன், நாயகி, காதல் காட்சி என்று எடுத்துவிட்டால், வீடியோ முடியும்போது பாடியவர் யார் என்று பார்த்தவருக்குத் தெரியாது.

3. அட்டைகளையும் இதே மாதிரி பிரியுங்கள்

1930களின் இறுதிவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் உறைகளில்தான் விற்பனைக்கு வந்தன. கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் உறையில் படம் வரையலாம் என்று நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். 1940 வாக்கில் படம் போட்ட அட்டைகள் வரத் தொடங்கின. அதிலிருந்து அட்டை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எல்பி என்ற பெரிய இசைத்தட்டின் அட்டை ஒரு பக்கம் சுமார் 31 செ.மீ., சிடி அட்டை 12 செ.மீ., இன்று போனில் பெருவிரல் நகத்தின் அளவு. வடிவமைப்பாளருக்கு இந்தச் சுருக்கம்தான் பெரிய சவால்.

ஜாய் டிவிஷன் குழுவின் 1979 ஆல்பத்துக்குப் பீட்டர் சேவில் செய்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்சார் நட்சத்திரத்தின் ரேடியோ அலைகளை வரைந்த விஞ்ஞான வரைபடம், கறுப்பில் வெள்ளைக் கோடுகள். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. நகத்தின் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிகிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 பட்டக (பிரிசம்) அட்டையும் அப்படித்தான். அதோடு முன்பக்கத்தில் கிளம்பும் நிறக்கற்றை, அட்டையை விரித்தால் உள்பக்கத்திலும் தொடர்கிறது. உள்பக்கத்தை எப்படி யோசிப்பது என்று குழம்பும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

பத்து அட்டைகளைச் சேகரித்து மூன்று சோதனை வையுங்கள். ஒரு அங்குல அளவுக்குச் சுருக்குங்கள், எது தாக்குப்பிடிக்கிறது? கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள், எழுத்து பின்னணியில் கரைகிறதா? பெயர்களை மறைத்துவிட்டு நண்பரிடம் காட்டுங்கள், எந்த வகை இசை என்று சொல்ல முடிகிறதா?

4. பாட்டும் அனுமதியும்

புகழ்பெற்ற பாட்டை எடுக்காதீர்கள். அந்தக் கலைஞருக்கு ஏற்கெனவே ஒரு முகம், ஒரு வீடியோ, ஓர் அட்டை இருக்கின்றன. நீங்கள் உருவாக்க எதுவும் மிச்சமில்லை. இன்னும் எந்த நிறுவனத்திலும் சேராத குழுவோ பாடகரோ கிடைத்தால் நல்லது. மூன்றிலிருந்து நான்கு நிமிடம் போதும்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். எழுதி இசையமைத்தவருக்குப் படைப்பின் மீது ஒன்று, ஒலிப்பதிவின் மீது இன்னொன்று. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, எந்தப் பாட்டு, எதற்காக, எங்கே வெளியிடப்போகிறேன், எவ்வளவு காலம் என்பதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வகுப்பில் ஒப்படைப்பதற்கும் யூடியூபில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அனுமதி இல்லாத ஒலிப்பதிவைத் தானியங்கி முறை கண்டுபிடித்து வீடியோவை முடக்கிவிடலாம்.

5. கலைஞரை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப்போகிறார்கள், மொத்த ப்ராஜெக்ட்டும் நிற்பது இதன் மேல்தான். ஒரு தாளில் எழுதுங்கள்: இவர் யார், யாருக்காகப் பாடுகிறார், என்ன உடுத்துவார், எந்த இரண்டு மூன்று நிறங்கள் இவருடையவை, கேமராவை நேராகப் பார்ப்பாரா அல்லது தவிர்ப்பாரா. இவர் எதைச் செய்யவே மாட்டார் என்பதையும் எழுதுங்கள். ஒருபோதும் சிரிக்காத கலைஞர் என்று முடிவு செய்தால் வீடியோவிலும் சிரிக்கக் கூடாது, அட்டையிலும் கூடாது, விளம்பரத்திலும் கூடாது. 

சினிமா ஆய்வாளர் ரிச்சர்ட் டையர் நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இங்கே கைகொடுக்கும். நட்சத்திரம் என்பவர் ஒரே நேரத்தில் சாதாரணமானவராகவும் அசாதாரணமானவராகவும் தெரிய வேண்டும், அருகில் இருப்பவராகவும் எட்டாதவராகவும் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் தாளில் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். மேடையில் எரிகிற மாதிரி பாடும் ஒருவர், சமூக ஊடகப் பக்கத்தில் பழைய கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருக்கலாம். வீடியோ எட்டாத பக்கத்தைக் காட்டினால் சமூக ஊடகப் பக்கம் அருகில் இருக்கும் பக்கத்தை ஏற்கட்டும்.

6. பாட்டை விநாடிகளாக வெட்டுங்கள்

பாட்டைக் கேட்டு முன்னிசை, சரணம், பல்லவி, இடையிசை ஒவ்வொன்றும் எந்த விநாடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். அப்புறம் வேகம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் அது 12 ஃபிரேம். நான்கு தட்டுக்கு ஒரு கட் என்று வைத்தால் இரண்டு விநாடிக்கு ஒரு ஷாட், மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 105 ஷாட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் எத்தனை நாள் படப்பிடிப்பு வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாடும் காட்சி, கதை, கருத்துக் காட்சி என்று வீடியோவை மூன்று வகையாகச் சொல்வார்கள். பெரும்பாலான நல்ல வேலைகள் முதல் வகையோடு மற்ற இரண்டில் ஒன்றைக் கலந்தவைதான். கதை வைத்தால் எல்லாவற்றையும் விளக்கி முடித்துவிடாதீர்கள். ஒரே தடவை பார்த்ததும் தீர்ந்துபோகும் கதை மியூசிக் வீடியோவுக்கு ஆகாது, அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாக வரைந்த படத்திட்டம்) வரைந்தபின் அந்தப் படங்களைப் பாட்டோடு டைம்லைனில் அடுக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கே தொய்கிறது என்று அப்போதே தெரியும்.

7. படப்பிடிப்பு

பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, பாடுபவரை உண்மையாகவே வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். வாயை மட்டும் அசைத்தால் கழுத்துத் தசையும் மூச்சும் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் ஒரு முறையாவது வைடில், ஒரு முறை மிட் ஷாட்டில், ஒரு முறை குளோசப்பில் எடுங்கள். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல் பதிவாகட்டும், கேமராவின் சொந்த ஒலிப்பதிவையும் அணைக்காதீர்கள். எடிட்டில் ஒத்திசைக்க அதுதான் பிடிமானம்.

ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு சேர வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்கு ஏற்பப் பாட வைத்து, 50 ஃபிரேமில் எடுங்கள். எடிட்டில் 25க்கு இறக்கினால் உடலும் முடியும் மெதுவாக அசையும், உதடு சரியாகப் பொருந்தும். வேகமான பாட்டுக்கு இதைச் செய்வது கடினம், முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

இனி சொல்வதைக் கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்: அட்டைக்கான படங்களை அதே நாளில், அதே உடையில், ஸ்டில் கேமராவில் தனியாக எடுங்கள். வீடியோ ஃபிரேம் ஏன் போதாது என்றால், சாதாரண எச்டி ஃபிரேமின் உயரம் 1080 பிக்சல். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 9 செ.மீ.தான் வரும். 12 செ.மீ. அட்டை, அதோடு வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. சேர்த்தால் உங்களுக்குத் தேவை கிட்டத்தட்ட 1500 பிக்சல். 4கே என்றால் அளவு போதும், ஆனால் வீடியோவுக்கு வழக்கமாக வைக்கும் விநாடியில் 50இல் ஒரு பங்கு ஷட்டரில் அசையும் கை, முடி எல்லாம் மங்கியிருக்கும். இதையெல்லாம் விடவும் வீடியோ ஃபிரேமில் எழுத்துக்கு இடம் இருக்காது. ஸ்டில் எடுக்கும்போது தலைக்கு மேலே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று காலியிடம் விட்டு எடுத்துவையுங்கள். ஆளே இல்லாத படங்களும் வேண்டும்: சுவர், தரை, கைவிட்ட நாற்காலி, ஒலிவாங்கியின் கம்பி. உள்பக்கமும் சிடியின் முகமும் இவற்றால்தான் நிறையும்.

8. எடிட்

முதலில் பாடும் காட்சிகளை எல்லாம் ஒத்திசைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அவற்றை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் ஒரு முறை வெட்டி முடியுங்கள். அதற்கு மேலே கதையை வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கட் செய்தால் பார்ப்பவருக்கு முப்பது விநாடியில் பழகிவிடும், அப்புறம் எதுவும் உறைக்காது. சரணத்தில் நீளமான ஷாட்களை விடுங்கள், பல்லவியில் வேகம் கூட்டுங்கள். கடைசிப் பல்லவிக்கென்று அதுவரை காட்டாத ஓர் இடத்தையோ நிறத்தையோ ஒளித்துவையுங்கள். நிறத்திருத்தம் செய்யும்போது ஐந்தாம் படியில் எழுதிய நிறங்களைப் பக்கத்தில் வையுங்கள். அட்டையின் முதல் வரைவும் அதே திரையில் திறந்திருக்கட்டும்.

9. அட்டையும் விளம்பரமும்

மடிப்பு அட்டை என்றால் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் இரண்டு, சிடியின் முகம், முதுகுப் பட்டை என்று ஆறு இடங்கள் இருக்கின்றன. அளவுகளை நீங்களாக ஊகிக்காமல் அச்சகத்தின் டெம்ப்ளேட்டை வாங்கி அதன்மேல் வேலை செய்யுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பு சிஎம்ஒய்கே என்ற அச்சு மை நிறமுறையில் இருக்க வேண்டும். திரையில் பளபளக்கும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும், அதனால் அவற்றை நம்பி வடிவமைப்பைக் கட்டாதீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குத் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் சதுரமாக 3000 × 3000 பிக்சலில் ஒரு பிரதி தனியாக வையுங்கள்.

பின்பக்கத்தில் பாட்டுப் பட்டியல், பார்கோடு, நிறுவனத்தின் சின்னம், உரிமை வரிகள் வர வேண்டும். வட்டத்துக்குள் 'சி' அட்டைப்படத்துக்கும் எழுத்துக்கும், வட்டத்துக்குள் 'பி' ஒலிப்பதிவுக்கும். இந்தச் சின்ன வரிகள் இருந்தால்தான் அட்டை நிஜமானதாகத் தெரியும். முதுகுப் பட்டையில் கலைஞர் பெயரும் ஆல்பம் பெயரும்.

எழுத்துரு இரண்டுக்கு மேல் வேண்டாம். தமிழில் பெயர் வைத்தால் கூடுதல் கவனம் தேவை. நம் எழுத்துகள் அகலமானவை, மேலே புள்ளியும் மேல்விலங்கும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கு நடுவே இடம் அதிகம் வேண்டும். சிறிய அளவில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் எழுத்துருவைக் குறை சொல்லும் முன் டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி தேர்வை இயக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

விளம்பரத்தில் கண் போகும் வரிசை: கலைஞர், ஆல்பம், தேதி, எங்கே கிடைக்கும். அட்டையையே பெரிதாக்கிப் போடாமல், அதே நாளில் எடுத்த வேறொரு ஸ்டில்லைப் போட்டு ஓரத்தில் அட்டையைச் சின்னதாக வையுங்கள். எல்லாம் முடிந்ததும் அசல் அளவில் ஒரு பிரதி எடுத்து, வெட்டி, மடித்துக் கையில் பிடித்துப் பாருங்கள். தலைகீழாக நிற்கும் உள்பக்கம் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது, மடித்ததும் தெரியும்.

10. பார்வையாளர் சோதனையும் கட்டுரையும்

"பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், உங்களிடம் தரவு எதுவும் இருக்காது. அட்டையை மட்டும் காட்டி, இவர் எப்படிப்பட்டவர், எந்த வகை இசை, யார் கேட்பார்கள் என்று கேளுங்கள். வீடியோவை வேறு சிலருக்குக் காட்டி அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு குழுவின் பதில்களும் ஐந்தாம் படியில் எழுதிய தாளோடு எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்பதுதான் உங்கள் கட்டுரையின் மையம். 

ஊடக, பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்னது இங்கே பயன்படும்: படைத்தவர் வைத்த பொருளைப் பார்ப்பவர் முழுதாக ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மாற்றலாம், எதிர்க்கவும் செய்யலாம். நீங்கள் தனிமை என்று நினைத்து வைத்த காலி அறையைச் சிலர் அமைதி என்று படித்தால், அதை மறைக்காமல் எழுதுங்கள். எந்த ஷாட், அட்டையில் எந்த நிறம் அந்த வாசிப்புக்கு இடம் கொடுத்தது என்று தேடிக் காட்டுங்கள். முதலில் இதைச் செய்தேன், பிறகு அதைச் செய்தேன் என்ற நாட்குறிப்பு நடையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பத்தியையும் ஒரு முடிவிலிருந்து தொடங்குங்கள்: 'கலைஞர் கேமராவைப் பார்ப்பது கடைசிப் பல்லவியில் மட்டும்தான், அட்டையிலும் முகம் திரும்பியே இருக்கிறது, ஏனென்றால்...' அந்த 'ஏனென்றால்'க்குப் பிறகு உங்கள் அட்டவணையில் இருக்கும் எண்கள், நீங்கள் பிரித்துப் பார்த்த வேறு வீடியோ, கோட்பாடு, பார்வையாளரின் பதில் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வரட்டும்.